நாலு பேர் என்ன சொல்வார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம் இருக்கிறது எங்கள் ஊர். கடைத்தெருவில் 2006-இலிருந்து தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் மேசையில் வைத்துவிட்டு உடனே கிளம்பிவிடுவதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு இடத்துக்கு வந்து நிற்கும்: "எனக்கு இப்படி இருக்கணும்னு ஆசைதான்க்கா, ஆனா ஊரு பேசுமே." கொஞ்ச நாளாகப் பையன்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர் யாரென்று தெரியாதபடி மற்ற விவரங்களை விட்டுவிட்டேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

நம்ம இஷ்டப்படி வாழறதுன்னா யார் பேச்சையும் கேக்காம இருக்கறதாக்கா?

இல்லை. எல்லார் பேச்சையும் கேளுங்கள். முடிவை நீங்கள் எடுங்கள். அதனால் வருகிற கஷ்டத்தையும் நீங்களே சுமந்துகொள்ளுங்கள். சுமக்க மனசில்லை என்றால் அதற்குப் பெயர் பிடிவாதம்.

நான் இதை இஷ்டம் என்று சொல்வதைவிட முறை என்று சொல்வேன். ஊருக்கு ஒரு முறை இருப்பதுபோல எனக்கும் ஒன்று இருக்கிறது. என் கணவர் இல்லை. பொட்டும் பூவும் வைத்துக்கொள்வேன். விசேஷத்துக்குக் கூப்பிட்டால் போவேன், போனால் முன்வரிசையில் உட்காருவேன். சொன்ன தேதிக்குத் துணியைக் கொடுத்துவிடுவேன். யாரிடமும் கைமாற்று வாங்கமாட்டேன். பார்க்கப்போனால் ஊர் முறையைவிட இது கறார்தான். இன்னொன்றும் உண்டு: இந்த முறை எனக்கு மட்டும். அடுத்தவர் தலையில் அதை வைக்க எனக்கு உரிமை இல்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

நாலு பேரு, நாலு பேருங்கறாங்களே, யாருக்கா அந்த நாலு பேரு?

எண்ணிப் பாருங்கள். ஒரு முறை கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி வந்தாள். கையைக் குட்டையாக வைத்துத் தைக்க ஆசை, ஆனால் "நாலு பேர் தப்பா நினைப்பாங்க" என்றாள். பில் புத்தகத்தைத் திருப்பி, பின் அட்டையில் அந்த நாலு பேரின் பெயரை எழுதச் சொன்னேன். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். முதலில் பெரியத்தை பெயர். அப்புறம் எதிர்வீட்டுப் பாட்டி பெயர். அதை எழுதிவிட்டு அவளே நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பாட்டி இறந்து மூன்று வருடமாகியிருந்தது. மூன்றாவது பெயர் கிடைக்கவில்லை.

உங்கள் பட்டியலில் வருகிறவர்களை இரண்டாகப் பிரியுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருகிறவர் ஒரு பக்கம். அவர் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள். பேசிவிட்டுப் போகிறவர் மறுபக்கம். அவருக்கு வணக்கம் சொன்னால் போதும்.

நீங்க எப்படி இதுக்குத் துணிஞ்சீங்க?

துணிச்சல் என்று ஒரே நாளில் எதுவும் வரவில்லை. கணவர் 2005-இல் போனார். மகளுக்கு அப்போது 5 வயது. அடுத்த ஆடிப் பதினெட்டு வந்தபோது, "சப்பரம் இழுக்கணும், ஆத்துக்குப் போலாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதியே திறந்துவிட்டதால் ஆறு நிறைய தண்ணீர். படித்துறையில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி எல்லாம் பரப்பிப் பெண்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மேல்படியில் நின்றேன். என்னைப் பார்த்ததும் ஒருத்தர் தாம்பாளத்தை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மஞ்சள் கயிறு இருந்த தாம்பாளம். அந்தப் பித்தளை கல்லில் உரசிய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

திரும்பிப் போய்விடலாம் என்று காலை எடுத்துவிட்டேன். மகள் அதற்குள் கீழே இறங்கிச் சப்பரத்தைத் தண்ணீரோரம் கொண்டுபோய்விட்டாள். அவளைத் தனியாக விட முடியுமா? இறங்கினேன். தண்ணீரில் கால் வைத்து, இரண்டு கை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் எதுவும் பேசாமல் ஒரு பிடி காப்பரிசியை என் கையில் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் சின்னதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மறுநாளும் வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஆசை இருக்கு, ஆனா எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

கையில் சொந்தக் காசு இருப்பதிலிருந்து. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். தைக்கத் தெரிந்தால் ஃபால்ஸ் அடியுங்கள், பூத் தொடுக்கத் தெரிந்தால் தொடுங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கின் அட்டை உங்கள் கையில். மாதம் 500 ரூபாய் சேர்ந்தாலும் சரி.

பணம் இல்லாததால் நின்றுபோகிற சின்ன விஷயங்களைப் பார்த்திருக்கிறேன். தஞ்சாவூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போக பஸ் காசு கேட்டால், எங்கே, எதற்கு, யாரோடு என்று வீட்டில் விசாரணை நடக்கும். அதற்குப் பயந்தே போகாமல் இருந்துவிடுவார்கள். 2021-இல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, எங்கள் பக்கத்துப் பெண்கள் கும்பகோணம் போய்வருவது கூடிவிட்டதை நானே பார்க்கிறேன். பஸ் காசுக்காக ஒருத்தரிடம் போய் நிற்க வேண்டாம் என்றாலே தலை கொஞ்சம் நிமிர்கிறது.

ஊர் பேசும்போது வயித்தக் கலக்குதுக்கா. எப்படித் தாங்கினீங்க?

குறுவை நடவிலிருந்து அறுப்பு வரைக்கும் எவ்வளவு நாளோ, அவ்வளவு நாள் பேசுவார்கள். அதற்குள் வேறொரு வீட்டில் வேறொன்று நடந்துவிடும். ஆனால் நீங்கள் பதில் சொல்லச் சொல்லப் பேச்சுக்கு உரம் போடுகிறீர்கள். ஒரே வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது: "எனக்கு இதுதான் சரியா இருக்குங்க." எத்தனை முறை கேட்டாலும் அதே வாக்கியம், அதே குரல். நான்காவது முறை கேட்க யாருக்கும் சுவாரசியம் இருக்காது.

அழுகை வந்தால் அழுங்கள். நான் பாவாடை நாடா கோத்துக்கொண்டே அழுத நாள் நிறைய உண்டு.

அப்பா அம்மா மனசு நோகுமே? இவ்ளோ பாடுபட்டு வளத்தாங்களே.

நோகும். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதனால் நோகிறது என்று பாருங்கள். உங்களுக்குச் சோறு கிடைக்காமல் போய்விடுமோ என்கிற பயமா, சொந்தக்காரர் முன்னால் தலைகுனிவு என்கிற எண்ணமா? பயத்தை நீங்கள் நடந்துகாட்டித் தீர்க்கலாம். தலைகுனிவைத் தீர்க்க உங்கள் ஆயுள் முழுக்க அடகு வைத்தாலும் போதாது.

எங்கள் பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரம்தான் உ.வே.சாமிநாதையரின் சொந்த ஊர். 1855-இல் பிறந்தவர். அவருடைய அப்பா சங்கீத வித்வான். மகனும் சங்கீதத்தில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர். இங்கிலீஷ் படித்தால் பிழைப்பு, சமஸ்கிருதம் படித்தால் மறுமைக்கு நல்லது என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவர் மனசு தமிழில் நின்றது. அப்பா அதைப் புரிந்துகொண்டு, மகன் பாடம் கேட்பதற்காக ஊர் ஊராகக் குடும்பத்தையே மாற்றினார். பின்னால் சைவரான நீங்கள் சமண நூலைப் பதிப்பிக்கலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். இதில் நான் கவனிப்பது ஒன்று: 1880-இலேயே கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையில் சேர்ந்துவிட்டார். குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டேதான் தன் வழியில் போனார். கையில் காசு பற்றி மேலே சொன்னது இதனால்தான்.

சீர், மொய்னு கடன் வாங்கிச் செய்யறோம். நிறுத்தணும். எப்படிச் சொல்றது?

மொய்யை மட்டும் தனியாகப் பிரித்துவிடுங்கள். உங்கள் வீட்டு மொய் நோட்டில் வரவாக எழுதியிருப்பது நீங்கள் திருப்பித் தர வேண்டிய கடன். பேராவூரணிப் பக்கம் மொய் வாங்குவதற்காகவே மொய் விருந்து என்று வைக்கிறார்கள். வாங்கியதைத் திருப்பி எழுதாவிட்டால் மனஸ்தாபம் வரும், அது நியாயமும்கூட. வாங்கியதை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் புதிதாக வாங்காமல் இருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு "மொய் தவிர்க்கவும்" என்று பத்திரிகையில் போட்டுவிடுங்கள்.

சீருக்கு வேறு வழி. விசேஷத்தன்று போய் நின்று "இவ்வளவுதான்" என்றால் அது சண்டை. மூன்று மாதம் முன்பே, சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, தொகையைச் சொல்லிவிடுங்கள்: "வளைகாப்புக்கு 15,000 எங்களால முடியும். அதுக்கு மேல கடன் வாங்க மாட்டோம்." வாக்கியம் ஒன்றுதான்.

ஐடி வேலைய விட்டுட்டு வந்து மாப்பிள்ளைச் சம்பா போடறேன். தோத்துட்டு வந்தவன்னு சொல்றாங்க. பொண்ணும் குடுக்க மாட்டேங்கறாங்க.

தம்பி, உங்களுக்கு முன்னால் நடந்தவர்கள் இந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர், வேளாண்மைப் பட்டதாரி. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசு வேலை. அங்கே செய்கிற ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்குப் பயன்படவில்லை என்று 1969-இல் விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு அரசு வேலையை விட்டவரை ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் விதையை 2 கிலோ கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கிப் பரப்பினார். அந்த வேலைக்குப் பல வருடம் பிடித்தது.

ஆனால் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் பேச்சில் கௌரவமும் இருக்கும், அனுபவமும் கலந்திருக்கும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு 160 நாள் வரை ஆகும். ஆள் உயரம் வளரும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு காற்றடித்தால் சாய்ந்துவிடும். 110 நாளில் அறுக்கிற ரகம் போடும் பக்கத்து வயல்காரர் "வேணாம்ப்பா" என்றால், அவர் உங்களை இளக்காரம் செய்கிறார் என்று நினைக்காதீர்கள். வடிகாலை எப்படி வெட்டுவது என்று அவரிடமே கேளுங்கள். எந்தப் பேச்சைத் தள்ளுவது, எந்தப் பேச்சை வாங்கிக்கொள்வது என்று பிரிப்பதுதான் இதில் பெரிய வேலை.

பெண் விஷயம்: உங்களுக்கு உங்கள் முறை போல அவளுக்கும் அவள் முறை உண்டு. வயலோடு உங்களை ஏற்றுக்கொள்கிற ஒருத்தி வரும்வரை காத்திருங்கள். வேலைக்குப் போவதாகப் பொய் சொல்லிக் கல்யாணம் செய்துவிடாதீர்கள்.

எனக்கு 34 ஆச்சு. கல்யாணமே வேண்டாம். வயசான காலத்துல யார் பாத்துப்பாங்கன்னு பயமுறுத்தறாங்க.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். கல்யாணம் ஆனவர்களுக்கும் அதே கேள்வி இருக்கிறது. நான் கல்யாணமாகி 31 வயதில் தனியாக நின்றவள். பதில் கல்யாணத்தில் இல்லை. சேமிப்பு, மருத்துவக் காப்பீடு, தங்க ஒரு இடம், அப்புறம் தினமும் "சாப்பிட்டியா" என்று கேட்கிற இரண்டு மூன்று பேர். இந்த நாலையும் இப்போதிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள்.

வேற சாதிப் பையன விரும்பறேன். நீங்க சொல்ற மாதிரி "எனக்கு இதுதான் சரி"ன்னு சொன்னா போதுமா?

போதாது. மேலே சொன்னதெல்லாம் பேச்சைத் தாங்குகிற வழி. இங்கே உயிருக்கே ஆபத்து வரலாம். 2016-இல் உடுமலைப்பேட்டையில், வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றதை நாடே பார்த்தது. தைரியமாகப் போய் வீட்டில் சொல் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்கள் வீட்டு ஆட்களை உங்களுக்குத்தான் தெரியும். அடிக்கிற கை இருக்கிற வீடு என்றால், பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டுதான் சொல்ல வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். இருவரும் இந்துக்கள் என்றால், 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி புரோகிதர் தேவையில்லை. மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ செல்லும். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மதம் வேறு என்றால் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், அந்த நாட்களில் எங்கே இருப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வயது வந்த இருவர் சேர்ந்து வாழ முடிவெடுத்தால் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மிரட்டல் வந்தால் பெண்களுக்கான 181, காவல்துறைக்கு 100. இரண்டு எண்ணையும் மனப்பாடம் செய்யுங்கள், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

தனி ஆளா ஒரு பெண் எதையாவது மாத்த முடியுமாக்கா? சும்மா சொல்றீங்களா?

மாயவரத்துக்குப் பக்கத்தில் மூவலூர். அங்கே வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் 1883-இல் பிறந்தவர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கம் இருந்த சமூகத்தில் வளர்ந்து, அந்த வழக்கத்தையே எதிர்த்துப் பேசினார், எழுதினார், ஊர் ஊராகப் போனார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அவர் தனி ஆளாக அதைச் செய்யவில்லை. சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி இருந்தார், இயக்கம் இருந்தது. உங்களுக்கும் கூட ஒருத்தர் வேண்டும். என் விஷயத்தில் அது அந்தக் காப்பரிசி கொடுத்த கை. இன்றைக்கு அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிற திட்டத்துக்கு அம்மையாரின் பெயர்தான்.

அப்பா சொத்துல பங்கு கேக்கலாமா? கேட்டா அண்ணன் உறவு அறுந்துடும்னு அம்மா அழறாங்க.

உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா தானே சம்பாதித்து வாங்கியதை அவர் இஷ்டப்படி உயில் எழுதலாம், அது வேறு.

கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஒன்று மட்டும் சொல்வேன்: பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதித் தருகிற விடுதலைப் பத்திரத்தில் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண், "தைப்பொங்கலுக்கு அண்ணன் கரும்பும் மஞ்சக்கொத்தும் பானையும் கொண்டு வராம போயிட்டா வாசல் வெறிச்சுன்னு இருக்கும்க்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போடப்போனாள். அந்தக் கரும்பு அவளுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் அது அவள் முறை, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பத்திரத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, படித்துப் பார்த்து, ஒரு மாதம் கழித்து முடிவெடு என்றேன். பாதி நிலத்தை விட்டுக்கொடுத்து, பாதியைக் கேட்டாள். அண்ணன் ஒரு பொங்கலுக்கு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு வந்தார்.

நான் என் வழிய பாத்துக்கிட்டு வந்துட்டேன். இப்ப அம்மாவ தங்கச்சிதான் பாத்துக்கறா. அது தப்பா?

வந்தது தப்பில்லை. தங்கை தலையில் விழுந்ததைப் பார்க்காமல் இருந்தால் தப்பு. முதல் பதிலில் சுமை என்று சொன்னேனே, அது இதுதான். மாதாமாதம் பணம் அனுப்புங்கள். வருஷத்தில் ஒரு மாதம் அம்மாவை நீங்கள் பார்த்துக்கொண்டு தங்கையை எங்காவது போய்வரச் சொல்லுங்கள். அவள் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், கேட்கமாட்டாள்.

நீங்க இவ்ளோ சொல்றீங்க. உங்க பொண்ணு உங்க முறைக்கு மாறா நடந்தா என்ன பண்ணுவீங்க?

நடந்தாள். போன வருஷம் அவளுக்குக் கல்யாணம். ஐயர், ஹோமம், தாரை வார்ப்பது இல்லாமல், சிம்பிளாகப் பதிவு செய்துகொள்வாள் என்று நானாகவே நினைத்திருந்தேன். அவளுக்கு நாதஸ்வரத்தோடு முழுச் சம்பிரதாயமும் வேண்டும் என்றாள். சரி. அப்புறம்தான் விஷயம் வந்தது. தாரை வார்க்க நான் மணையில் உட்காரலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு. அவருடைய பாட்டிக்கு 86 வயது, ரொம்ப வருத்தப்படுவார் என்றார்கள்.

மகளைத் தனியாகக் கூப்பிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் கேட்டேன். அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். என் தம்பியும் தம்பி மனைவியும் உட்காரட்டும் என்றாள். எனக்கு அடிவயிற்றில் பிடித்துக்கொண்டது. 2006-இல் படித்துறையில் கேட்ட அதே சத்தம். அவளுக்காக நான் செய்ததையெல்லாம் எடுத்துச் சொல்லி அவளை மாற்றியிருக்க முடியும், சொன்னால் அழுதுகொண்டே ஒத்துக்கொண்டிருப்பாள். என் பெற்றோர் என்னிடம் செய்ததை நான் அவளிடம் செய்யக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். முகூர்த்தத்தின்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பொட்டும் பூவும் வைத்துக்கொண்டு. இன்னும் வலிக்கிறது. அவளும் நானும் அதைப் பற்றி இரண்டு முறை பேசியிருக்கிறோம், இன்னும் பேச வேண்டியிருக்கும்.

முகூர்த்த ஜாக்கெட்டை நான்தான் தைத்தேன். அளவு எடுக்கும்போது, கை எவ்வளவு நீளம் வைக்கட்டும் என்று கேட்டேன். எனக்குக் குட்டைக் கைதான் அவளுக்கு எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. முழங்கை வரைக்கும் வை என்றாள். வைத்தேன்.